நில்லு சாரும் மறுகால் தண்ணீரும்

தென்காசி ஸ்டேஷனில் அவர் இறங்கியதை இறங்கியது என்று சொல்ல முடியாது. ரயில் நின்றது. வாசலுக்கு வந்தார். கடைசிப் படியில் நின்றுகொண்டு பிளாட்பாரத்தையே பார்த்தார். பின்னால் பெட்டியும் கூடையுமாக ஒரு கூட்டம் முட்டிக்கொண்டு நிற்கிறது. இறங்கும், இல்லாவிட்டால் வழியை விடும் என்று யாரோ கத்துகிறார்கள். அவர் காதில் அது விழவே இல்லை. ஒரு மூச்சு விட்டார். ஒரு காலை மெதுவாகக் கீழே வைத்தார். அது தரைதான் என்று நிச்சயம் பண்ணிக்கொண்டு அடுத்த காலை வைத்தார். சின்னச் சின்ன அடியாகக் கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் மற்ற மனிதர்களைப் போல நடக்க ஆரம்பித்தார்.

சீக்காளி போல என்று நினைத்தேன். சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்களில் அப்படிச் சிலர் உண்டு. அருவியில் குளித்தால் கிறுக்குத் தெளியும் என்று கூட்டி வருவார்கள். ஆனால் இவர் தனியாக வந்திருந்தார். நல்ல வெள்ளைச் சட்டை. கையில் ஒரு தோல் பெட்டி.

நான் அப்போது ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டி வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் நான். சினிமா போஸ்டரைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். அதில் எல்லாமே கொட்டை எழுத்தாக இருக்கும். அதனால் இன்றைக்கும் பொடி எழுத்து எனக்குப் பிடிபடாது. குதிரைக்கு வெள்ளச்சி என்று பேர். செங்கோட்டைக்காரர் ஒருத்தரிடம் வாங்கியது. அவர் மலையாளத்தில் திட்டித்தான் அதை ஓட்டுவார். என் தமிழுக்கு அது மசிய ஒரு வருஷம் பிடித்தது. எதையோ சொல்ல வந்து எங்கேயோ போகிறேன்.

"குத்தாலத்துக்குத்தான ஸார்?" என்று கேட்டேன்.

"குத்தாலத்துக்குத்தான் வே. ஆனா அவசரம் இல்ல."

பேச்சு நம் ஊர்ப் பேச்சாக இருந்தது. அவருடைய அம்மாவுக்குக் கீழப்பாவூர் என்று பின்னால் தெரிந்தது. அவசரம் இல்லை என்று ஒரு சவாரி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஊர் தாண்டி, தார் ரோடு முடிந்து சரள் ரோடு ஆரம்பிக்கிற இடம் வந்தது. "நிறுத்தும்" என்றார். ஒன்றுக்குப் போக வேண்டும் போல என்று ஓரத்தில் இருந்த புளியமரத்தைக் காட்டினேன். அவர் இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே தார் முடிகிற ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போகலாம்" என்றார். "மொதல்ல மெதுவாப் போவும். பெறவு வேகத்தக் கூட்டிக்கிடும்."

வாய்க்கால் பாலம் வந்தது. நிறுத்தும். பாலம் முடிந்தது. நிறுத்தும். முகத்தில் சாரல் விழ ஆரம்பித்தது. அப்போதும் நிறுத்தும். இப்போது எதற்கு என்று கேட்டேன். சாரல் ஆரம்பித்துவிட்டதே என்றார், நான்தான் ஏதோ விவரம் கெட்டவன் மாதிரி. பின்னால் கிளம்பின வண்டிகளெல்லாம் எங்களை முந்திப் போயின. ஒருத்தன் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "என்னவே, சவாரி ஏத்திட்டுப் போறீரா, இல்ல சப்பரம் தூக்கிட்டுப் போறீரா?"

முக்குக்கு முக்கு நிற்கிற சாமிச் சப்பரம்தான் எனக்கும் நினைவு வந்தது. அன்றைக்கே ஸ்டேஷனில் அவருக்கு நில்லு சார் என்று பேர் விழுந்துவிட்டது. அவருடைய சொந்தப் பேரை நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

அவர் குற்றாலத்தில் ஒரு மாடி அறையை எடுத்துத் தங்கினார். சீசன் முடிந்தும் போகவில்லை. வாரத்துக்கு நாலு நாள் என் வண்டியில் குளம் குளமாகப் பார்க்கப் போவார். வடக்கே ஏதோ பெரிய காலேஜில் அவருக்கு வேலை. அங்கே ஒரு அறை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு மெஷின் நிற்கிறதாம். கணக்குப் போடுகிற மெஷின். இவர் இங்கேயிருந்து கட்டளை எழுதித் தபாலில் அனுப்புவார். அங்கே உள்ளவர்கள் அதை அட்டைகளில் ஓட்டை ஓட்டையாகக் குத்தி மெஷினுக்குக் கொடுப்பார்கள். அது கணக்கைப் போட்டுக் காகிதத்தில் அடித்துத் தரும். ஒரு குளம் நிறைந்து அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகிறதே, அது எப்போது எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே சொல்கிற கணக்கு.

எனக்கு விளங்குகிற மாதிரி ஒருநாள் டீக்கடையில் வைத்துச் சொன்னார்.

"ஒம்ம வண்டி இப்ப எங்கன நிக்குன்னு தெரியும். என்ன வேகத்துல போகுதுன்னும் தெரியும். அப்பம் ஒரு மணி நேரம் கழிச்சு எங்கன இருக்கும்னு சொல்லீரலாம்லா? அது ஒரு தப்படி. அங்கன போயி மறுபடி வேகத்தப் பாத்துட்டு அடுத்த தப்படி. மெஷினுக்கும் இவ்வளவுதான் வே தெரியும். தப்படி தப்படியாப் போவும்."

"நடுவுல பாலம் வந்தா, ஸார்?"

"அங்கனதான் வில்லங்கம்" என்று டீ கிளாஸைக் கீழே வைத்தார். "சரள் ரோட்டு வேகத்த வச்சுக்கிட்டுப் பாலத்தத் தாண்டி ஒரே தப்படியா வச்சம்னா, வண்டி எங்கனயோ இருக்கும், நம்ம கணக்கு எங்கனயோ இருக்கும். மாத்தம் வார எடத்துல சரியா நிக்கணும். நிக்கிற எடத்த விட்டுறக் கூடாது. பழைய வேகத்த விட்டுறணும். பெறவு புதுசா, சின்னத் தப்படியா ஆரம்பிக்கணும்."

சொல்லிவிட்டு, டீயில் சூடு போய்விட்டதா என்று கிளாஸைத் தொட்டுப் பார்த்தார். போய்விட்டிருந்தது. ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, ஆறின டீயைப் புதுசாகக் குடிக்க ஆரம்பித்தார்.

கணக்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவருக்கு உலகமே அப்படித்தான். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன் இடது தோளிலிருந்து வலது தோளுக்குப் போகும்போது அவன் கையைப் பிடித்து நிறுத்திவிடுவார். முதுகு முடிந்து இடுப்பு வந்தால் நிறுத்துவார். அந்த ஆள் என்னிடம் வந்து முறையிட்டான்: "அண்ணாச்சி, ஒங்க ஸாரு ஒடம்புல எத்தன ஊரு இருக்கு? எல்லைக்கு எல்லை நிக்கச் சொல்லுதாரு."

அருவிக்குள் ஜனங்கள் ஓடிப்போய் விழுவார்கள். இவர் ஈரமும் காய்ந்ததும் சேருகிற கோட்டில் நிற்பார். ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் இல்லை. இரண்டு காலும் இந்தப் பக்கம். அப்புறம் இரண்டு காலும் அந்தப் பக்கம். பின்னால் நிற்கிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள், ஆற்றில் கிடக்கிற பாறையைத் தண்ணீர் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி.

சாப்பாட்டில்தான் பெரிய சங்கடம். சாம்பார் சாதம் முடிந்து ரசத்துக்கு முன்னால் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். முதல் நாள் மெஸ்ஸில் பரிமாறுகிறவன், இவர் முடித்துவிட்டார் என்று இலையை மடிக்க வந்தான். இவர் இரண்டு கையாலும் இலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மாற்றத்தில் அல்லவா நிற்கிறார், பேசக் கூடாது போல. அவன் அந்த முனையை இழுக்க, இவர் இந்த முனையை இழுக்க, அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாகக் குரங்கு ஒன்று வந்து அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அதற்கப்புறம் குரங்குகளுக்கு நேரம் தெரிந்துவிட்டது. சாம்பார் முடிகிற சமயம் ஜன்னலில் வந்து உட்கார்ந்திருக்கும்.

இதெல்லாம் அவர் பாடு. என் பாடு வேறு மாதிரி ஆனது. வெள்ளச்சிக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

அவர் சொல்வதற்கு முன்னாலேயே தார் முடிகிற இடத்தில் நிற்க ஆரம்பித்தது. அவர் வண்டியில் இல்லாத நாளும் நின்றது. பாலத்துக்கு முன்னால் நிற்கும், பின்னால் நிற்கும், மர நிழலிலிருந்து வெயிலுக்குப் போகிற இடத்தில் நிற்கும். எவ்வளவு அடித்தாலும் நகராது. "போகலாம்" என்று நிதானமாகச் சொன்னால்தான் கிளம்பும். அதுவும் சின்ன அடியாகக் கிளம்பி மெதுவாக வேகம் பிடிக்கும். ரயிலுக்குப் போகிற ஜனங்கள் என் வண்டியைக் கண்டாலே அடுத்த வண்டிக்கு ஓடினார்கள். நில்லு சார் சவாரி ஒன்றுதான் எனக்கு மிஞ்சியது. அவரிடமே சொல்லி வருத்தப்பட்டேன். அவர் வெள்ளச்சியின் கழுத்தைத் தடவிக்கொண்டு, என் மெஷினுக்குப் புரிய மாட்டேன் என்கிறது, இதற்குப் புரிந்திருக்கிறது பாரும் என்று சந்தோஷப்பட்டார்.

மெஷினுக்குப் புரியாத கதையும் உண்டு. ஒரு தடவை ரயில் பார்சலில் அவருக்கு ஒரு காகிதச் சுருள் வந்தது. பாய்ச் சுருள் அளவுக்குத் தண்டி. பிரித்தால் மேலேயிருந்து கீழே வரைக்கும் ஒரே எண். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மெஷின் தான் வைத்த தப்படி தப்பா சரியா என்று தானே பார்த்துக்கொள்ளுமாம். தப்பு என்றால் தப்படியைப் பாதியாக்கும். குளம் நிறைந்து வழிய ஆரம்பிக்கிற இடம் வந்ததும் அது மிரண்டுபோய்த் தப்படியைப் பாதியாக்கி, பாதியில் பாதியாக்கி, கடைசியில் எறும்பு அடி வைத்துக்கொண்டு அங்கேயே கிடந்திருக்கிறது. மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் அதிலேயே போய்விட்டது.

வெள்ளச்சியும் வாங்கின புதிதில் மரப்பாலத்துக்கு முன்னால் அப்படித்தான், நிற்கவும் நிற்காது, போகவும் போகாது, நின்ற இடத்திலேயே குளம்பை மாற்றி மாற்றி வைக்கும் என்றேன்.

"அதான் வே" என்றார். "தயங்குறது வேற, நிக்கிறது வேற. மெஷினுக்குத் தயங்கத்தான் தெரியுது. இன்ன எடம் மாத்தம், அத முன்னாடியே தேடிக் கண்டுபிடி, அங்கன நில்லு, பழசக் கழத்தி வச்சுட்டு மறுபடி தொடங்குன்னு நாந்தான் எழுதிக் கொடுக்கணும்."

அந்தச் சுருளை ஸ்டேஷன் டீக்கடைக்காரர் வாங்கிக்கொண்டார். தென்காசியில் அந்த மாதம் முழுக்க வடை தின்றவர்கள் எல்லாரும் ஒரே எண்ணில் கை துடைத்தார்கள்.

இதெல்லாம் நடந்து அந்த வருஷம் ஐப்பசியில் என் தங்கச்சி கல்யாணம். அப்பா இல்லை. எல்லாம் என் தலையில். மாப்பிள்ளைக்கு இலத்தூர். ஏற்கெனவே ஒரு தேதி குறித்து, அவர்கள் பக்கம் ஒரு சாவு விழுந்து, தள்ளிப்போன கல்யாணம் இது. இன்னொரு தடவை தள்ளிப்போனால் குற்றம் மழை மேல் வராது, பெண் மேல்தான் வரும். ராசியில்லாதவள் என்று ஒரு பேச்சு அப்போதே இலத்தூரில் கிளம்பியிருந்தது. அதைக் கிளப்பினவரே மாப்பிள்ளையின் தாய்மாமாதான் என்று கேள்வி. பலசரக்குக் கடைக்காரர். தலையில் உருமாக் கட்டும் கையில் வெள்ளிப் பூண் போட்ட கம்புமாகத் திரிவார்.

எங்கள் ஊர் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி. ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு தாம்போதி, அதாவது தண்ணீர் வந்தால் ரோட்டின் மேலேயே ஓடிப்போகட்டும் என்று தாழ்த்திக் கட்டியது. மேலக்குளம் நிறைந்து வழிகிற மறுகால் தண்ணீர் கீழக்குளத்துக்கு வரும். கீழக்குளம் மறுகால் போனால் அந்தத் தாம்போதி மேலேதான் பாயும். பாய்ந்தால் சில நாளைக்கு ஊருக்குள் ஒருத்தர் வர முடியாது, போக முடியாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நில்லு சாரை நான் கூட்டி வந்தேன். ஒரு வாரமாக மழை. தாம்போதியில் வழக்கம்போல நின்றோம். அவர் கீழக்குளத்தைப் பார்த்தார். கரையை ஒட்டிக் கிடந்தது தண்ணீர். ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்தார். தினம் இவ்வளவு ஏறுகிறது, அந்தக் கணக்கில் நாளைக்கு மறுநாள்தான் தாம்போதி முங்கும், கல்யாணத்துக்கு ஒன்றும் பயம் இல்லை என்றார்கள். மேலக்குளம் எப்படி என்று இவர் கேட்டார். அதுவும் நிறைகிற தறுவாய்தான் என்றார்கள். இவர் முகம் மாறியது.

பந்தலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, மிச்சம் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டுத் தள்ளினார். நேற்று ஏறின வேகத்தில் நாளைக்கும் ஏறும் என்று நினைப்பதுதான் தப்பு என்றார். மேலக்குளம் வழிய ஆரம்பித்த நிமிஷத்திலிருந்து கீழக்குளத்துக்கு வேறு கணக்கு. மேலக்குளம் இன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்கே மறுகால் போகும். விடிவதற்குள் தாம்போதி முங்கிவிடும். மாப்பிள்ளை வீட்டார் காலையில் வந்தால் அந்தக் கரையிலேயே நிற்க வேண்டியதுதான்.

அவரையும் ஏற்றிக்கொண்டு இலத்தூருக்கு ஓடினேன். இன்றைக்கே புறப்பட்டு வந்துவிடுங்கள் என்று தாய்மாமாவிடம் கும்பிட்டுக் கேட்டேன்.

"நல்ல நேரம் பாத்துப் பொறப்படுத கூட்டம்லா இது" என்றார் அவர். "ஒம்ம கொளத்துக்குப் பயந்து இருட்டுல வந்து எறங்கதுக்கு நாங்க என்ன களவாணிப் பயலுகளா? காலையிலதான் வருவோம். இன்னொரு மட்டம் தள்ளிப்போச்சுன்னா, அது எங்க குத்தம் இல்ல. பெறவு அந்தப் பேச்சே வேண்டாம், பாத்துக்கிடும்."

திரும்பி வரும்போது எனக்கு வண்டி ஓட்டவே கை வரவில்லை. மேலக்குளத்தைப் பார்த்துவிட்டுப் போவோம் என்றார் ஸார். குளம் எங்கள் ஊர்ப் பக்கம்தான். விளக்கு வைக்கிற நேரம். போனால், மறுகால் வழிகிற கலிங்கில் ஒரு சொட்டு இல்லை. தண்ணீர் மட்டும் வழிய வேண்டிய உயரத்துக்கு மேலே நிற்கிறது. கணக்கு பொய்த்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இவர் கலிங்குப் பக்கம் இறங்கிப் போய் எட்டிப் பார்த்தார். கலிங்குக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பனங்கட்டையைப் படுக்க வைத்து, வைக்கோலும் களிமண்ணும் போட்டு அடைத்து வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் செய்கிற வேலைதான். குளம் கட்டினவன் குறித்த அளவுக்கு மேலே இன்னும் ஒரு பிடி தண்ணீரைத் தேக்கிக்கொண்டால் இன்னொரு பூ விளைச்சலுக்கு ஆகும் என்று.

ஸார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"தண்ணி எப்ப எந்தக் கல்லத் தொடும்னுல்லா வே நான் ராவும் பகலும் தேடுதேன். மாத்தம் கல்லுல இல்ல. மடைக்காரர் கையில இருக்கு."

மடைக்காரர் கரைமேல் இருந்த சாஸ்தா கோவில் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். குளத்தைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. ஸார் நேராகப் போய், அடைப்பை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டார். அவர் எழுந்திருக்கவில்லை. சாஸ்தா கோவில் கீழ்ப்படியைத் தண்ணீர் தொட்டால் எடுப்பேன் என்றார். தாத்தா காலத்திலிருந்து அதுதான் குறி. நான் கல்யாண விஷயத்தைச் சொல்லி, முகூர்த்தம் முடிகிறவரை எடுக்காமல் இருக்கக் கூடாதா என்று கெஞ்சினேன்.

"எம்மவ கல்யாணம்னாலும் எடுப்பேன் அண்ணாச்சி. கரை போச்சுன்னா கல்யாணம் பண்ணிக் குடியிருக்க ஊரு வேணும்லா?"

நான் கரைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். நில்லு சாருக்கோ, வெல்லக்கட்டி கிடைத்த மாதிரி முகம். அப்படியானால் அந்தப் படிதான் குறி என்று, குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, படிக்கும் தண்ணீருக்கும் நடுவே முழம் போட்டு அளந்தார். நிற்கிற இடத்தை விடவில்லை, பழைய வேகத்தை விட்டார். அதாவது, அதுவரை போட்ட பத்திரிகைகளை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுப் பத்திரிகையில் ஆரம்பித்தார். விடிந்து, பந்தலில் மேளக்காரர் வாசிக்க ஆரம்பிக்கிற நேரத்துக்குப் படியைத் தொடும். அடைத்து வைத்த தண்ணீர் என்பதால் ஒரே பாய்ச்சலாக வரும். அதற்குப் பிறகு தாம்போதிக்கு அதிக நேரம் இல்லை. அதற்குள் மாப்பிள்ளை இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும்.

"நீரு போயிக் கூட்டிட்டு வாரும். நான் இங்கன இருந்து என் கண்ணால அத ஒரு மட்டம் பாக்கணும். அடைப்ப எடுக்கும்போது ஒரு வேட்டுப் போடச் சொல்லுதேன். சத்தம் கேட்டா, நேரம் இல்லன்னு அர்த்தம்."

வீட்டிலிருந்து கல்யாண வேட்டில் ஒன்றை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தேன்.

விடிவதற்கு முன்னாலேயே இலத்தூரில் போய் நின்றேன். நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, ஒருவழியாகப் புறப்பட்டார்கள். என் வண்டியில் மாப்பிள்ளையும் தாய்மாமாவும். பின்னால் மாட்டு வண்டிகள். மெயின் ரோட்டை விட்டு எங்கள் ஊர்ப் பாதையில் திரும்பின கொஞ்ச நேரத்தில் தூரத்தில் வேட்டுச் சத்தம் கேட்டது.

அடைப்பை எடுத்துவிட்டார்கள் என்று நான் சாட்டையை எடுத்தேன். தாய்மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"கேட்டியாலே மாப்ள? நம்ம வருதது தெரிஞ்சு வேட்டுப் போடுதாங்க. பரவாயில்ல, மருவாதி தெரிஞ்ச கூட்டந்தான். வண்டிய நிறுத்தும், உருமாவச் சரியாக் கட்டிக்கிடுதேன்."

இது மரியாதை வேட்டு இல்லை என்று சொன்னால் இறங்கி நின்று நியாயம் பேசுவார். வண்டி போகும்போதே கட்டிக்கொள்ளுங்கள் மாமா என்று விரட்டினேன். வெள்ளச்சி பறந்தது. தாம்போதி ஓரம் வந்ததும் பலகையில் அறைந்த மாதிரி நின்றது.

தாம்போதியின் நடுவில் துணி விரித்த மாதிரி தண்ணீர் பரவ ஆரம்பித்திருந்தது. சாட்டையால் அடித்தேன். தமிழில் திட்டினேன். செங்கோட்டைக்காரர் திட்டின மலையாளத்தையும் திட்டிப் பார்த்தேன். மாமாவும் தன் பங்குக்கு வெள்ளிப் பூண் கம்பால் வண்டிச் சட்டத்தைத் தட்டினார். பின்னால் வந்த மாட்டு வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. குதிரை காதை மட்டும் திருப்பிற்று. எதையோ கேட்கக் காத்திருந்தது.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. சாட்டையைக் கீழே போட்டேன். ஒரு மூச்சு விட்டேன். அவர் எப்படிச் சொல்வாரோ அப்படியே, அவசரமே இல்லாதவன் மாதிரி, "போகலாம்" என்றேன்.

வெள்ளச்சி சின்ன அடியாகத் தண்ணீரில் கால் வைத்தது. அதன் பின்னாலேயே, ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு நின்ற வண்டிகள் எல்லாம் கோத்த மாலை மாதிரி வரிசையாக இறங்கி ஏறின. கடைசி வண்டி கரையேறும்போது சக்கரத்தில் பாதி தண்ணீரில் இருந்தது. திரும்பிப் பார்த்தால் தாம்போதியைக் காணோம். செம்மண் நிறத்தில் தண்ணீர் புரண்டு போகிறது. தாய்மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி கட்டின உருமா ஒரு தோளில் தொங்கியது.

"அப்பம் அந்த வேட்டு..." என்று இழுத்தார்.

"மருவாதிக்குத்தான், மாமா" என்றேன்.

முகூர்த்தம் தவறவில்லை. தாலி கட்டி முடிந்து பந்தி ஆரம்பித்தபோது, தலை முதல் கால் வரை சேறாக, கரை வழியே நடந்து வந்து சேர்ந்தார் நில்லு சார். பந்தல் வாசலில் நின்றார். அப்புறம் உள்ளே வந்தார். நான் எல்லாரிடமும் அவர் கணக்கையும் அவர் நிற்கிற பழக்கத்தையும் சொல்லியிருந்தேன். தாய்மாமா தானே ரச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஸார் சாம்பார் முடித்துக் கையை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இலையை மடிக்கப் போன பையனைத் தாய்மாமா முழங்கையால் ஒதுக்கிவிட்டு, வாளியும் கரண்டியுமாக அப்படியே நின்றார். ஸார் கையை மறுபடி இலையில் வைத்த பிறகுதான் ஊற்றினார்.

ஆனால் ஒன்று. வந்த கூட்டம் போக முடியவில்லை. தாம்போதியில் தண்ணீர் வடிகிறவரை இலத்தூரே எங்கள் வீட்டில் உட்கார்ந்து தின்றது. இருந்த அரிசி எல்லாம் காலி. பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கிப் பொங்கினோம். என்ன ஸார் இது என்று கேட்டேன்.

"அவங்க வருததுக்குத்தான் வே நான் கணக்குப் பாத்தேன்" என்றார்.

அந்த வருஷக் கடைசியில் அவர் வடக்கே போனார். அடுத்த சீசனுக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. அவருடைய மெஷின் நிற்கக் கற்றுக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. வெள்ளச்சி கடைசிவரை மறக்கவில்லை. குற்றாலம் வரைக்கும் ஒரே தார் ரோடாகப் போட்ட பிறகும், பழைய தார் முடிந்த இடத்தில் நின்றுவிட்டுத்தான் போகும்.

அவரை நினைத்தால் இதில் எதுவும் எனக்கு முதலில் வருவதில்லை. தண்ணீர் வடிந்து தங்கச்சியைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பின நாள்தான் வரும். அன்றைக்கு வண்டிக்குள் அவளும் மாப்பிள்ளையும் தாய்மாமாவும். முன்னால் என் பக்கத்தில் ஸார். வீட்டிலிருந்தே தங்கச்சி அழுதுகொண்டு வந்தாள். தாம்போதி ஓரத்தில் வெள்ளச்சி தானாக நின்றது. இந்தப் பக்கம் எங்கள் ஊர், அந்தப் பக்கம் இலத்தூர் ரோடு. நடுவில் சேறு காய்ந்துகொண்டிருந்தது.

எப்போதும் ஸார்தான் சொல்லுவார். அன்றைக்கு அவர் சொல்லவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தோம். அழுகைச் சத்தம் தேய்ந்து, அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அதற்கப்புறம்தான் அவர் பின்னால் திரும்பினார்.

"என்னம்மா, போகலாமா?"

தங்கச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஊர்ப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் முன்பக்கம் திரும்பி, ஒரு மூச்சு விட்டாள்.

"போகலாம்" என்றாள்.

வெள்ளச்சி சின்ன அடியாக எடுத்து வைத்தது.